வெல்வெட் பிரிமணை

பானை பொங்கி வழிந்தது. தெருவே "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது. என் மனைவி கஸ்தூரி ஈரத்துணியை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு பானையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். மஞ்சள் கொத்து கட்டிய புதுப்பானை. முகமெல்லாம் ஆவி. கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க, பாத்துக்கினு நிக்கிறீங்க? அந்தப் பிரிமணைய எடுத்து எலைக்கு முன்னால வைங்க. கை சுடுது."

வாசலில் கோலத்தின் மேல் வாழையிலை போட்டிருந்தது. இரண்டு பக்கமும் கரும்பு. பனி அப்போதுதான் விலகிச் செஞ்சிக் கோட்டையின் தலை மட்டும் தெரிந்தது. சூரியன் படையலுக்குத் தயாராக நின்றான்.

பிரிமணை என் கையில்தான் இருந்தது. பானை உருளாமலிருக்க அடியில் வைக்கிற வளையம். மற்ற வீடுகளில் வைக்கோலை முறுக்கிச் செய்திருப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அரக்கு வெல்வெட். ஓரம் முழுக்க ஜரிகையை உருட்டித் தைத்த பைப்பிங். நானே தைத்தது.

அதைச் சாமிக்கு முன்னால் வைக்கவே கூடாது. ஏன் கூடாது என்பது அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்து சொல்கிற தைரியமோ எனக்கு இல்லை.

கஸ்தூரி பானையோடு கொஞ்சம் அப்படியே நிற்கட்டும். நான் உங்களைக் கார்த்திகை மாதத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வருகிறேன்.

இந்தத் தொடரில் போன வாரம் என் முதல் தையல் மிஷினை மாட்டு வண்டியில் ஏற்றியதோடு நிறுத்தியிருந்தேன். அதை இறக்கி வைக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஜன்னலுக்கு வெளியே விழுகிற பனியைப் பார்த்ததும் இந்தக் கதைதான் முந்திக்கொண்டு வந்தது. மிஷின் வண்டியிலேயே இருக்கட்டும். மழை இல்லை, நனையாது.

இரண்டும் இடது கை

முகக்கவசம் தைத்துக் கொடுத்த காலம் முடிந்து, மறுபடியும் ஜாக்கெட் தைக்க ஆரம்பித்த சமயம் அது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் என் கடை. கார்த்திகை பிறந்துவிட்டால் பொங்கல் துணிகள் வர ஆரம்பித்துவிடும். வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான் நான் பெரிய மனிதன்.

அந்த வருஷம் மாடிப்படி என்னை மதிக்கவில்லை. பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவேன். மேலே போய் உட்கார்ந்தால் காதுக்குள் யாரோ மிஷின் ஓட்டுகிற மாதிரி இருக்கும். விரல்கள் ஐஸ் மாதிரி ஜில்லிட்டிருக்கும். ஊசியில் நூல் கோத்துவிட்டு எதற்குக் கோத்தேன் என்று யோசிப்பேன். கம்பளிக் குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டே தைத்தேன்.

"இன்னா டைலர்ணே, செஞ்சிக்கு வந்திருக்கியா, ஊட்டிக்கு வந்திருக்கியா?" என்று கீழே டீக்கடை மூர்த்தி கேட்டான்.

பனிதான் காரணம் என்று நானும் நினைத்தேன். எங்கள் ஊரில் பாறைகள் ஜாஸ்தி. ராத்திரி பூராவும் குளிரைக் குடித்துவிட்டுக் காலையில் நம் மேல் துப்பும்.

ஒருநாள் எதிர் வீட்டு சரோஜா அக்கா நான் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, எனக்கு எத்தினி கை?"

"ரெண்டுக்கா."

"ரெண்டும் எடக்கையா?"

பார்த்தேன். இரண்டு தோளிலும் இடது கையையே வைத்துத் தைத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தப்பு நான் செய்ததில்லை. கஸ்தூரி ஜாக்கெட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு கேள்வி, ஒரு பொய்

டாக்டர் சின்ன வயசுப் பெண். என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தை அழுத்தினார். ரத்தம் எடுத்தார்கள். சீட்டு வந்தது.

"ஐயா, ஆம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் பதிமூணாவது இருக்கணும். உங்களுக்கு ஏழுதான் இருக்குது. எப்படி நடமாடுறீங்க?"

நான் சிரித்தேன். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் நான் சிரிப்பது வழக்கம்.

"ரத்தம் எங்கயாச்சும் போகுதா? வெளிக்குப் போறப்ப, அந்த மாதிரி?"

அந்த அறையில் அப்போது நான்கு பேர் இருந்தோம். டாக்டர். என்னை முட்டிக்கொண்டு நின்ற கஸ்தூரி. ஊசி பிரித்துக்கொண்டிருந்த நர்ஸ். அவருடைய நீல ஜாக்கெட் துணி என் கடையில் வெட்டக் காத்திருந்தது. அப்புறம் நான்.

"இல்லீங்க," என்றேன்.

இப்போது உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூலம் இருந்தது. ஐப்பசியிலிருந்தே தினமும் காலையில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து மிதிக்கிற வேலை. குளிரில் தண்ணீர் குடிக்கத் தோன்றாது. வராமல் என்ன செய்யும்?

மனைவியிடமும் டாக்டரிடமும் சொல்ல முடியாத வார்த்தையை ஊரெல்லாம் படிக்கிற பத்திரிகையில் எழுதுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். காகிதம் திரும்பி என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுத வருகிறது.

டேப் பிடிக்காத டைலர்

இப்படிக் கூச்சப்படுகிறவன் எப்படி லேடீஸ் டைலரானான்? இதைக் கேட்காதவர்களே இல்லை.

என் நைனா நெல் மண்டியில் சாக்கு தைத்தவர். கோணி ஊசியும் சணலும் எடுத்தால் மூட்டையின் வாய் நொடியில் மூடிக்கொள்ளும். நான் பத்தாவது முடித்ததும் என்னை ஒரு தையல்காரரிடம் சேர்த்துவிட்டார். அவரிடம் பெண்கள் துணி மட்டும்தான் வரும். அது நைனாவுக்கும் எனக்கும் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

முதல் வாரமே ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அளவெடுக்கச் சொன்னார். டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடமிருந்து ஆறடி தள்ளி நின்றேன். "கிட்டப் போடா" என்றார் மாஸ்டர். நான் படியிறங்கி வீட்டுக்கே போய்விட்டேன். நைனா திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, "இவனுக்கு அளவு ஜாக்கெட்டே போதும்" என்று மாஸ்டர் சமாதானம் ஆனார்.

அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துத் தைப்பேன்.

இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. "அதே அளவுதாண்ணே" என்று சொல்லித்தான் எல்லோரும் கொடுப்பார்கள். அதே அளவாக இருக்காது. அளவு ஜாக்கெட்டின் அக்குள் தையல் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று பார்த்தால் போன பொங்கலுக்கும் இந்தப் பொங்கலுக்கும் நடுவில் நடந்ததெல்லாம் தெரிந்துவிடும். நான் ஒன்றும் பேசமாட்டேன். இரண்டு பக்கமும் கால் இஞ்ச் விட்டுத் தைத்துவிடுவேன். "பாத்தியா, நான் அப்படியேதான் இருக்கேன்" என்று சந்தோஷமாகப் போவார்கள்.

செஞ்சிப் பெண்களின் எத்தனையோ கால் இஞ்ச் என் வயிற்றுக்குள் பத்திரமாக இருக்கின்றன. என் விஷயம் ஒன்று கூடுதலாக இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

ஊரே மருத்துவமனை

டைலருக்கு ரத்தமில்லை என்ற செய்தி கடைக்கு வந்த ஒவ்வொரு ஜாக்கெட்டோடும் ஒவ்வொரு தெருவுக்கும் போனது. காரணத்தை அவரவரே கண்டுபிடித்துக்கொண்டார்கள். "எத்தினி வருசமா கையில ஊசி குத்திக்கினு இருக்காரு, சொட்டுச் சொட்டா எல்லாம் போயிருக்கும்" என்று ஒரு பெண் சொன்னதைக் கேட்டு இன்னொரு பெண் உச்சுக் கொட்டினாள்.

அளவு ஜாக்கெட் வைத்துக் கொடுக்கும் பையில் இப்போது முருங்கைக் கீரையும் வந்தது. பேரீச்சம்பழம், கேழ்வரகு மாவு, வெல்லமும் வேர்க்கடலையும் பிடித்த உருண்டை எல்லாம் வந்தன. எந்தத் துணியைப் பிரித்தாலும் ஒரு வைத்தியம் விழுந்தது.

சரோஜா அக்கா ஒருபடி மேலே போனார். அவருக்குப் பிறந்த ஊர் பக்கத்திலிருக்கிற அனந்தபுரம். அங்கே தெரிந்த கறிக்கடையில் சொல்லி வைத்து ஆட்டின் சுவரொட்டி வாங்கிவந்தார். மண்ணீரல் என்பார்களே, வறுத்தால் சட்டியில் ஒட்டிக்கொள்ளுமே, அதுதான். ரத்தம் ஊற அதைவிட ஒன்றும் கிடையாது என்பது அவர் கட்சி.

ஆனால் கஸ்தூரி மார்கழி முழுக்க வீட்டில் கவிச்சி சேர்க்கமாட்டாள்.

"அக்கா, மார்கழிலயா?"

"இது கறி இல்லடி, மருந்து."

"மிளகு போட்டு வறுத்திருக்கே?"

"மருந்துன்னா வாய்க்கு நல்லா இருக்கக் கூடாதா?"

கடைசியில் கடை வேறு, வீடு வேறு என்று ஒப்பந்தம் ஆனது. கடையில் தின்றுவிட்டு, வாய் கொப்பளித்து, ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும். கஸ்தூரி என்னை வாசலில் நிறுத்தி மோந்து பார்ப்பாள். தெரிந்தும் தெரியாத மாதிரி உள்ளே விடுவாள்.

வீட்டில் அவள் பங்குக்குப் பீட்ரூட். பொரியல், கூட்டு, சாறு. "செவப்பா இருக்குதே, ரத்தம் ஊறாம பூடுமா?" ஊறியதோ இல்லையோ, எனக்கு அதில் ஒரு சௌகரியம் கிடைத்தது. காலையில் பார்க்கிற சிவப்பெல்லாம் பீட்ரூட்தான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

இரும்புச்சத்து மாத்திரை தனிக்கதை. எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள், டீயோடு மட்டும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாதாம். அந்தக் குளிரில் எலுமிச்சைச் சாறா? மூர்த்தி ஆவி பறக்கக் கொண்டுவந்து வைக்கிற டீயிலேயே மாத்திரையை இறக்கினேன். சரோஜா அக்கா அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் பிடித்து மேல்மலையனூர் போய், அங்காளம்மனிடம் வைத்து வாங்கிவந்த எலுமிச்சம்பழம் கடை வாசலில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மனே எலுமிச்சையை எடுத்துக் கொடுத்தாள், நான் அதன் கீழே உட்கார்ந்து டீ குடித்தேன்.

மாத்திரை வயிற்றைக் கட்டியது. கட்டினால் மூலத்துக்குக் கொண்டாட்டம். ரத்தம் ஊறப் போட்ட மாத்திரை, ரத்தம் போவதற்கும் வழி செய்தது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து கொடுத்திருப்பார்.

அசிங்கமாகத் தைக்க வரவில்லை

ஸ்டூலில் உட்காரவே முடியாமல் போனபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. நடுவில் ஓட்டை விட்டு, வட்டமாக ஒரு மெத்தை தைத்துக்கொண்டால் வலிக்கிற இடம் காற்றில் இருக்கும் அல்லவா?

லைனிங் வெட்டில் மிஞ்சிய துண்டுகளையும் பஞ்சையும் அடைத்தேன். மேலுறைக்குக் கையில் கிடைத்தது ஒரு கல்யாண ஜாக்கெட்டில் மிச்சமான அரக்கு வெல்வெட். ஏதோ ஒரு கோணியில் சுற்றித் தைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஓரம் மொட்டையாக இருக்கிறதே என்று ஜரிகைப் பைப்பிங் கொடுத்தேன். சுருக்கம் சீராக விழவில்லை என்று ஒருமுறை பிரித்துத் தைத்தேன். எனக்கு அசிங்கமாகத் தைக்க வராது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பத்து நாள் சொர்க்கம். அதன் மேல் உட்கார்ந்து நர்ஸின் நீல ஜாக்கெட்டை முடித்தேன்.

ஒரு மத்தியானம் கஸ்தூரி சோற்றுப் பாத்திரத்தோடு படியேறி வந்துவிட்டாள். நான் ஜன்னலோரம் துணி உதறிக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் அது ஜொலித்துக்கொண்டிருந்தது.

"இன்னாங்க இது?"

வட்டமாக இருந்தது. நடுவில் ஓட்டை இருந்தது. என் வாயில் அந்த நேரம் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"பிரிமணை."

"வெல்வெட்டுலயா?"

"பொங்கலுக்கு."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

கஸ்தூரி சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, மெத்தையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பைப்பிங்கை விரலால் தடவினாள். ஊருக்கெல்லாம் தைக்கிறவன் அவளுக்கு ஒரு ஜாக்கெட்டைக் கூட கேட்காமல் தைத்துக் கொடுத்ததில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் தானாகக் கொடுத்த முதல் பொருள் அது.

"ரத்தமில்லாம கெடக்கிற மனுசன், இதுக்கு ஒக்காந்து பைப்பிங் வச்சிருக்கீங்களே," என்றாள். கண் கலங்கியிருந்தது.

அதற்கப்புறம் எப்படி உண்மையைச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

அவள் அதை முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். போகிற வழியில் தெருவில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். மறுநாளே சரோஜா அக்கா வந்தார். "தம்பி, எனக்கும் ஒண்ணு. பச்சையில." அடுத்த வாரத்துக்குள் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு வெல்வெட் பிரிமணை போயிற்று. எல்லாருக்கும் தைத்துக் கொடுத்துவிட்டு, நான் மொட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவற்றில் ஒன்றிலும் நான் உட்காரவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால் பயப்பட வேண்டாம்.

கஸ்தூரி பயந்தாள்

பொங்கலுக்கு முந்தின வாரம் மறுபடியும் ரத்தம் பார்த்தார்கள். ஏழு என்பது ஆறாகியிருந்தது.

டாக்டர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்க, கீரை, சுவரொட்டி எல்லாம் சாப்பிடுறீங்க. அப்பவும் இறங்குதுன்னா வேற ஏதோ இருக்குது. ரத்தம் போகலன்னு நிச்சயமா சொல்றீங்களா?"

கஸ்தூரி என் தோளைப் பிடித்தாள். நர்ஸ் நான் தைத்த நீல ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். கை நன்றாக உட்கார்ந்திருந்தது.

"இல்லீங்க."

"அப்ப பொங்கல் கழிச்சு விழுப்புரத்துல பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். ரத்தம் ஏத்தணும். உள்ள எல்லாம் பார்க்கணும். கட்டி மாதிரி ஏதாச்சும் இருக்கான்னு கூட பார்க்க வேண்டியிருக்கும்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கஸ்தூரி என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள். திருவண்ணாமலை பஸ் கிளம்பிப் போகிற சத்தத்தில் அவள் அழுதது எனக்கு முதலில் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியும். ஏதோ பெரிய வியாதிதான் உங்களுக்கு. அதான் எனக்குன்னு அந்தப் பிரிமணைய தெச்சுக் குடுத்தீங்க. ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு."

"இல்ல கஸ்தூரி" என்றேன். "சும்மா இருங்க" என்றாள். சாப்பிடுவதைக் குறைத்தாள். நான் தூங்குகிறேனா, மூச்சு வருகிறதா என்று வந்து வந்து பார்த்தாள். அவள் ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று நின்றது. என் கண்ணுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஒரு வாரத்தில் அரை இஞ்ச். எனக்கு ரத்தம் போனது, அவளுக்கு உடம்பே போனது.

ஆனாலும் வாய் திறக்கவில்லை. மெத்தையை ஒழித்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீரும் என்று வேறு வழியில் யோசித்தேன். அதே மாதிரி இன்னொன்று தைத்து மாற்றி வைக்கலாம் என்றால் அரக்கு வெல்வெட் தீர்ந்துவிட்டது. போகிக்குப் பழைய பாய், துடைப்பம் எல்லாம் எரித்தோம். சந்தடியில் மாடத்திலிருந்து அதை எடுத்து நெருப்பை நோக்கி நீட்டினேன்.

"ஐயோ, புத்தி பெரண்டு போச்சா? புதுசப் போயி எரிக்கிறீங்க!" கஸ்தூரி பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சரோஜா அக்காவிடம் சொன்னாள்: "ரத்தம் கம்மியானா மூளைக்கும் போகாதாமே அக்கா?"

கை சுடுது

சரி, பானையை எத்தனை நேரம்தான் பிடித்துக்கொண்டிருப்பாள். வாசலுக்கு வருவோம்.

"வைங்கன்னா!" என்றாள் கஸ்தூரி.

நான் பிரிமணையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். எதிர் வீட்டு வாசலில் சரோஜா அக்கா தன் பானையைக் கிளறுவதை நிறுத்தினார். அவர் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் கரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்னைவிடப் பேசாதவர்.

கஸ்தூரியே ஒரு கையால் அதைப் பிடுங்க வந்தாள். பானை சாய்ந்தது. சூரியன் நேராக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுல வெக்காத! அது மேல நான் உக்காந்திருக்கேன்!"

இவ்வளவு சத்தமாக நான் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. பொங்கலோ பொங்கல் நின்றுவிட்டது.

"இன்னாது?"

"பத்து நாளு."

"எதுக்கு?"

தரையைப் பார்த்துச் சொன்னேன். "மூலம். ரத்தம் அதுலதான் போகுது. ஐப்பசிலருந்து."

கஸ்தூரி பானையோடு நின்றாள். முகம் சிவந்து, பிறகு வெளுத்து, பிறகு என்னமோ ஆனது. அந்த நேரத்திலும் சரோஜா அக்காவுக்குத்தான் பானை ஞாபகம் வந்தது. தன்னுடைய பச்சைப் பிரிமணையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"இந்தாடி, இதுல வை, கை வெந்துரும். தம்பி, இதுல யாரும் உக்காரலியே?"

"இல்லக்கா."

பானை இறங்கியது. கஸ்தூரி கைத்துணியை அவிழ்த்து என் மேல் வீசினாள். அடுத்து அகப்பை வரும் என்று நான் ஒதுங்கினேன். அவளோ தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையானது. அழுகை மறுபடியும் சிரிப்பானது.

"யோவ், நீயெல்லாம் மனுசனா? ஊருல இருக்கிற பொம்பளைங்க சுத்தளவெல்லாம் உனுக்குத் தெரியணும். உன் வியாதி எனக்குத் தெரியக் கூடாதா? நான் தாலிய கையில புடிச்சிக்கினு நடக்கிறேன், நீ மெத்தைக்கு ஜரிகை வச்சுத் தெச்சியா?"

கோபம் வந்தால்தான் அவள் என்னை நீ என்பாள். அன்றைக்கு அது எனக்குச் சர்க்கரைப் பொங்கலைவிட இனித்தது.

எல்லோரும் படையலில் மும்முரமானபோது ஏழுமலை அண்ணன் கரும்போடு மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றார். கோட்டையைப் பார்க்கிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அதுல ஒக்காந்தா வலி தெரியலியா?"

பானையும் அளவும்

மாட்டுப்பொங்கல் கழிந்ததும் கஸ்தூரி என்னை டாக்டர் முன்னால் நிறுத்தி, "சொல்லு" என்றாள். சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. "இந்த ஒரு வார்த்தைக்கா இத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார். பார்க்க வேண்டியதைப் பார்த்தார்கள், செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தைத்துக் கொடுத்த கால் இஞ்சுக்கு அது பதில் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மாத்திரை இப்போது எலுமிச்சைச் சாற்றில் இறங்கியது. மாத்திரை ஒரு வேளை, டீ வேறு வேளை. மூர்த்திக்கு அதில் வருத்தம்தான். குளிரோ வெயிலோ, கஸ்தூரி ஒரு வெந்நீர் பாட்டிலைக் கடைக்குக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் அது காலியாகத் திரும்ப வேண்டும். கீரை நின்றபாடில்லை. காலை வெயிலில் பத்து எட்டு நடந்துவிட்டுத்தான் மாடியேறினேன். பீட்ரூட்டை மட்டும் கஸ்தூரி நிறுத்திவிட்டாள். "இனிமே செவப்பு தெரிஞ்சா எனக்கு உண்மை தெரியணும்" என்றாள்.

மாசி மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு மேல்மலையனூர் போனோம். கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நடந்தேன், எங்கேயும் நின்று மூச்சு வாங்கவில்லை. அதற்கப்புறம் பார்த்த ரத்தச் சீட்டில் பன்னிரண்டு தாண்டியிருந்தது. கஸ்தூரியின் தோளில் ஜாக்கெட் மறுபடியும் பொருந்தி உட்கார்ந்தது. கேட்காமலே ஒன்று தைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இதுல யாராச்சும் உக்காந்தாங்களா?" என்று கேட்டாள்.

அந்த வருஷம் போய் அடுத்த கார்த்திகை வந்தது. பனி விழுந்து கோட்டை மறைந்த ஒரு காலையில் அவலூர்பேட்டையிலிருந்து ஒரு அம்மா துணிகளோடு படியேறி வந்தார். ஜாக்கெட் துணிகளைக் கொடுத்தார். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தார். அதே அளவுதான் என்றார். போகவில்லை. திரும்பிப் படியைப் பார்த்தார். யாரும் வரவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, அந்த வெல்வெட்டுல பிரிமணை தைப்பீங்களாமே. எங்க வூட்டுக்கு ஒண்ணு வேணும்."

"எவ்ளோ அகலம்மா?"

அந்த அம்மா இரண்டு கையையும் அகற்றிக் காட்டினார். அத்தனை பெரிய பானையை இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை.

அந்த மாதத்திலேயே அப்படி நிறைய வந்தன. இப்போதும் வருகின்றன. பெண்கள்தான் கேட்பார்கள், குளிர் விழ ஆரம்பித்தால் கேட்பார்கள். நான் அகலம் மட்டும் கேட்டு, ஒரு கால் இஞ்ச் கூட்டித் தைத்துக் கொடுக்கிறேன். கொடுக்கும்போது, "பனிக்காலம்மா, வூட்டுல எல்லாரையும் நெறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க, டாக்டர்கிட்ட எதையும் மறைக்க வேணாம்" என்று தரையைப் பார்த்துச் சொல்கிறேன். அவர்களும் தரையைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள்.

பானை யார் என்று நான் கேட்பதில்லை.